மஞ்சள் பாட்டு

2020 ஜூலை முதல் வாரம். முத்தியால்பேட்டையில் ஒரு மருந்துக் கடை. வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு வட்டம், ஆளுக்கொரு மாஸ்க். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க நான் நாலாவது வட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையில் செல்போன் அடித்தது. என் ரிங்டோன் பல வருஷமாக ஒன்றுதான். ஒரு பெண் குரல். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது, எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி ஆரம்பிக்கும்.

ஐந்தாவது வட்டத்தில் இருந்தவருக்கு அறுபத்தைந்து வயசு இருக்கும். "என்ன பாஷை சார் அது?" என்றார்.

"சீன பாஷைங்க. மாண்டரின்."

அவர் முகம் மாஸ்க்குக்கு மேலேயே மாறியது தெரிந்தது. "நம்ம பசங்க இருபது பேர் போயிட்டாங்க. நீங்க அவனுங்க பாட்டை பாக்கெட்ல வெச்சிக்கினு திரியறீங்க. நல்லா இருக்கு சார்."

கல்வானில் ஜூன் 15-ம் தேதி நடந்த மோதலுக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை. இறந்த இருபது பேரில் நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். பெரியவரின் கோபம் நடிப்பில்லை. அவர் குடும்பத்தில் யாராவது ராணுவத்தில் இருக்கலாம். நான் பதில் பேசவில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த பிறகுதான், வழக்கம்போல, பதில்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், பாடியவர் 'அவனுங்க' ஆள் இல்லை. அவர் பெயர் டெரெசா டெங். சீனப் பெயர் டெங் லிஜுன். 1953-ல் தைவானில் பிறந்தவர். அப்பா, மாவோவின் படையிடம் தோற்று தைவானுக்கு ஓடிவந்த தேசியவாதப் படையில் இருந்தவர். மகள் தைவான் ராணுவ முகாம்களில் பாடிப் பாடியே 'சிப்பாய்களின் காதலி' என்று பெயர் வாங்கினார். சீனப் பெருநிலத்தில் அவர் ஒரு கச்சேரிகூடச் செய்ததில்லை. 1989 மே 27-ம் தேதி, தியானன்மென் சதுக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு ஆதரவாக ஹாங்காங் குதிரைப் பந்தய மைதானத்தில் நடந்த நிகழ்ச்சியில் போய்ப் பாடினார். அடுத்த வாரமே பீஜிங்கில் டாங்கிகள் இறங்கின. 1995 மே 8-ம் தேதி, தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்தில் ஆஸ்துமா மூச்சுத் திணறலில் இறந்துபோனார். வயசு 42.

இவர் பாட்டைக் கேட்கக் கூடாது என்று முதலில் சொன்னது யார் தெரியுமா? சீன அரசாங்கம்தான்!

மாவோ காலம் முடிந்து 1970-களின் கடைசியில் கதவு கொஞ்சம் திறந்தபோது, ஹாங்காங் வழியாகக் கள்ளத்தனமாக கேசட்டுகள் உள்ளே போயின. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அணிவகுப்புப் பாட்டும் தலைவர் புகழும் மட்டுமே கேட்டுப் பழகிய காதுகளில், ஒருத்தி வந்து காதோரமாகப் பேசுகிற மாதிரி பாடினால் என்ன ஆகும்? நாடே கிறங்கியது. அப்போது அங்கே ஆட்சியில் இருந்தவர் டெங் சியாவோ பிங். பாடகிக்கும் அதே குடும்பப் பெயர். "பகலில் பெரிய டெங், ராத்திரியில் சின்ன டெங்" என்று ஜனங்கள் கேலி பேசிக்கொண்டார்கள். கட்சிக்காரர்களுக்குத் தாங்கவில்லை. 'ஆன்மிக மாசு' ஒழிப்பு என்று 1983-ல் ஓர் இயக்கமே நடத்தினார்கள். அதில் அடிபட்டவற்றில் இந்தப் பாட்டுகளும் உண்டு.

அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'மஞ்சள் இசை.' நாம் மஞ்சள் பத்திரிகை என்கிறோமே, அதே மஞ்சள், அதே அர்த்தம். எதெல்லாம் மஞ்சள் பாட்டு, எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்கி 1982-ல் அரசு பதிப்பகம் ஒரு சின்னப் புத்தகமே போட்டது. மைக்கை ஒட்டிக்கொண்டு மூச்சுக்காற்றோடு சேர்த்துப் பாடுவதே அந்தக் கால விமர்சகர்களுக்குக் குற்றமாகத் தெரிந்தது. புரட்சிக்காரன் நெஞ்சை நிமிர்த்தி உரக்கப் பாட வேண்டும். கிசுகிசுப்பவன் எதிரி.

இந்த மஞ்சள் பட்டத்துக்கு முதல் பலி டெங் இல்லை. லி ஜின்ஹுய் என்று ஒருவர். எங்கள் ஊர் பாரதிதாசன் பிறந்த அதே 1891-ல் பிறந்தவர். 1920-களிலும் 30-களிலும் ஷாங்காயில் சீன நாட்டார் மெட்டையும் அமெரிக்க ஜாஸையும் கலந்து மாண்டரின் சினிமாப் பாட்டு, ரெக்கார்டு பாட்டு என்கிற சமாசாரத்தையே உண்டாக்கியவர். பக் கிளேட்டன் என்ற கறுப்பு அமெரிக்க டிரம்பெட் கலைஞர் ஷாங்காயில் இரண்டு வருஷம் தங்கி வாசித்த காலம் அது. பிற்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து லி மேல் பழி விழுந்தது. 1967-ல், கலாசாரப் புரட்சியின் நடுவில், துன்புறுத்தலில் செத்துப்போனார். பாட்டு போட்டதற்கு!

ஆகவே, ஐந்தாவது வட்டத்துப் பெரியவரே, நீங்கள் தேசபக்தியால் சொன்னதைத்தான் பீஜிங் அதிகாரியும் தன் தேசபக்தியால் சொன்னார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே க்யூவில் அடுத்தடுத்த வட்டத்தில் நிற்கிறீர்கள்.

அந்த ஜூன் 29-ம் தேதி நம் அரசாங்கம் 59 சீன ஆப்களைத் தடை செய்தது ஞாபகம் இருக்கும். டிக்டாக் போனதில் எல்லாரும் பேசினார்கள். அந்தப் பட்டியலில் க்யூக்யூ மியூசிக் என்று ஒன்றும் இருந்தது. சீனாவில் கோடிக்கணக்கானவர்கள் பாட்டுக் கேட்கிற ஆப். இந்தியாவில் அதில் பாட்டுக் கேட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? என்னையும் சேர்த்து ஒரு ஷேர் ஆட்டோ நிறையும். ஆப்பைத் தடை செய்ததற்கு அரசாங்கம் பாதுகாப்புக் காரணம் சொன்னது, தகவல் திருட்டு என்றது. அதில் எனக்குச் சண்டை இல்லை. சர்வர் எங்கே இருக்கிறது என்பது அரசாங்கத்தின் கவலை. என் காதில் யார் குரல் இருக்கிறது என்பது என் கவலை. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்களோடுதான் சண்டை.

நான் பி.காம். படித்தவன். கணக்கைக் கணக்காகவே பார்ப்போம். 2023-24 நிதியாண்டில் நாம் சீனாவிலிருந்து வாங்கிய சரக்கின் மதிப்பு 10,000 கோடி டாலருக்கு மேல். மாத்திரைக்கு மூலப்பொருள் அங்கிருந்து வருகிறது. என் அம்மாவின் பிரஷர் மாத்திரையில்கூட எந்த ஊர் ரசாயனம் இருந்ததோ. அதற்கெல்லாம் அந்நியச் செலாவணி போகிறது. செத்துப்போன தைவான்காரி ஒருத்தியின் பாட்டை முணுமுணுக்க எத்தனை டாலர் வெளியே போகும்? பற்று பக்கத்திலும் பூஜ்யம், வரவு பக்கத்திலும் பூஜ்யம். ஆனால் கோபம் பூராவும் பாட்டின் மேல்தான். சரக்கைப் பகைக்கக் காசு செலவாகும். பாட்டைப் பகைக்க இலவசம்.

சரி, புதுச்சேரியில் பிறந்து, வீராம்பட்டினம் தேர் பார்த்து, ரத்னா தியேட்டரில் ரஜினி படம் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தப் பாட்டு எப்படி வந்தது?

சைகோன் ஆயா மூலமாக வந்தது.

எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. அவர் வீட்டுக்காரர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கும் குடும்பங்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அவர்களில் நிறைய பேர் இந்தோசீனாவில், முக்கியமாக சைகோனில், பாதி ஆயுளைக் கழித்தவர்கள். அங்கே நம் ஆட்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்னமும் இருக்கிறது. ஆயா சைகோனில் குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, சண்டைக்குப் பயந்து திரும்பி வந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் 'நேம்' பொரிக்கிற வாசனை தெரு முனை வரைக்கும் வரும். (அரிசித்தாளில் கறி வைத்துச் சுருட்டிப் பொரிப்பது. எங்கள் ஊரில் இது வியட்நாம் பலகாரம் இல்லை, உள்ளூர்ப் பலகாரம்.)

அவருடைய மூத்த மகன் பாரிஸில் இருந்தார். 1975-க்குப் பிறகு இந்தோசீனாவிலிருந்து ஓடிய சீனர்கள் நிறைய பேர் பாரிஸின் பதின்மூன்றாம் வட்டாரத்தில் கடை போட்டிருந்தார்கள். மகன் லீவில் வரும்போது சென்ட் பாட்டில், சீஸ், சாக்லேட்டோடு அந்தக் கடைகளில் வாங்கிய கேசட்டுகளும் வரும். அதில் ஒன்றுதான் டெங். அட்டையில் ரோஸ் கலர் கவுன் போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். மத்தியானம் மூணு மணிக்கு, தெருவே தூங்குகிற நேரத்தில், ஆயா அதைப் போடுவார். நான் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதைக் கேட்பேன்.

ஒரு நாள் கேட்டேன், "ஆயா, என்ன சொல்றாங்க இந்தப் பாட்டுல?"

"எனக்கு என்னா தெரியும்? சோலோன் மார்க்கெட்ல சீனத்திங்க பேசறது வேற. இது வேற. இது ஒரு எழுத்துகூடத் தெரியாது."

அது உண்மைதான் என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. சோலோன் என்பது சைகோனின் சீனப் பேட்டை. அங்கே பெரும்பாலும் காண்டோனீஸ் பேசுவார்கள். மாண்டரினுக்கும் அதற்கும் தூரம் அதிகம். ஆக, ஆயா தனக்குச் சுத்தமாகப் புரியாத ஒரு மொழியில், இருபது வருஷம் வாழ்ந்த ஊரை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்.

அந்தக் கேசட்டின் முதல் பாட்டு 'நிலா என் நெஞ்சத்தின் அடையாளம்'. தலைப்பைத் தமிழில் அப்படிச் சொல்லலாம். 1973-ல் சென் ஃபென்லான் என்பவர் பாடியது, 1977-ல் டெங் பாடியபோதுதான் சீனம் பேசுகிற உலகம் முழுக்கப் போய்ச்சேர்ந்தது. என்னை எவ்வளவு நேசிக்கிறாய் என்று கேட்கிறாயே, போய் நிலாவைப் பார் என்பதுதான் மொத்த சமாசாரமும். நம் சினிமாவில் வைரமுத்துவோ வாலியோ எழுதினால் நிலாவை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்திருப்பார்கள். இதில் அதெல்லாம் இல்லை. சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறது.

அந்தச் சும்மா இருத்தல்தான் எனக்கு இந்தப் பாட்டுகளில் பிடித்தது. டெங் ஒரு வரியை முடிக்கும்போது சுரத்தை இழுத்துக் காட்ட மாட்டார். குரல் மெல்ல மூச்சாகி, மூச்சும் இல்லாமல் போகும். தமிழில் எனக்கு இதற்குப் பக்கத்தில் வருவது ஸ்வர்ணலதா ஒருவர்தான். 'கருத்தம்மா' படத்துக்குத் தேசிய விருது வாங்கினாரே, அவர். அவரும் நுரையீரல் நோயில்தான் போனார், 2010-ல், 37 வயசில். மூச்சே பாட்டாக இருந்த இரண்டு பேருக்கும் மூச்சே எமனானது. சும்மா தோன்றியதைச் சொன்னேன்.

இன்னொரு பாட்டு, 'தியான் மி மி'. 1979. தேன் போல இனிப்பு என்று அர்த்தம் வரும். கேட்டால் என் கேள்வி ஞானத்துக்கு மோகனத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும். சீன இசையின் ஐந்து சுரத்துக்கும் நம் மோகனத்துக்கும் உள்ள உறவு சங்கீதக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்த மெட்டு சீன மெட்டே இல்லை. இந்தோனேசியாவில் துடுப்புப் போடுகிறவர்கள் பாடும் ஒரு நாட்டுப்பாட்டு. அதன் பெயரில் இருக்கிற 'சம்பான்' என்ற படகுச் சொல் நம் கடற்கரையிலும் புழங்கியதுதான். சீனா சீனா என்கிறீர்களே, இதில் எது சீனா?

இனி, இரண்டாவது ஆட்சேபணை. இது நண்பர்களிடமிருந்து வருவது, அதனால் கொஞ்சம் மரியாதையாகப் பேச வேண்டும். "மொழியே புரியாம எப்படி சார் ரசிக்கறீங்க? சும்மா பந்தா."

1965-ல் இந்தி எதிர்ப்பில் தமிழ்நாடு எரிந்தது. நாலே வருஷத்தில் 'ஆராதனா' வந்தது. சென்னையில் மாதக்கணக்கில் ஓடியது. கிஷோர்குமார் பாட்டை ஒரு வார்த்தை தெரியாமல் பாடிக்கொண்டு சைக்கிள் ஓட்டியவர்களில் எங்கள் சித்தப்பாவும் உண்டு. போராட்டத்தில் அடி வாங்கியவரும் அவரேதான். பிறகு 'மகரேனா' வந்தது, ஸ்பானிஷ். 2012-ல் 'கங்னம் ஸ்டைல்', கொரியன். 2017-ல் 'டெஸ்பசீட்டோ', மறுபடி ஸ்பானிஷ். கல்யாண மண்டபத்தில் பாட்டிகள் உட்பட ஆடினார்கள். அர்த்தம் தெரிந்திருந்தால் பாட்டிகள் எழுந்து போயிருப்பார்கள்!

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் ஜூன் 21-ம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்த இசைத் திருநாளை இங்கேயும் கொண்டாடுகிறோம். ஒயிட் டவுன் காபிக் கடைகளில் எடித் பியாஃப் பாட்டு ஓடுகிறது. சென்னையிலிருந்து வாரக்கடைசிக்கு வருகிற ஐ.டி. தம்பதிகள் மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு அதற்குத் தலையாட்டுகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு பிரெஞ்சு தெரியும்? அதை யாராவது பந்தா என்றோமா? ரசனை என்றோம். 'என்ன ஒரு ஆம்பியன்ஸ்' என்றோம்.

இத்தனைக்கும் பிரான்ஸ் இந்த ஊரை ஆண்டது. 1954-ல் கீழூரில் கூடி ஓட்டுப் போட்டுத்தான் அவர்களை அனுப்ப வேண்டியிருந்தது. ஆண்டவன் பாட்டு ரசனை, கூப்பிடு தூரத்தில் இருப்பவன் பாட்டு 'சிங் சாங் சுங்'. மஞ்சள் சுவர் அழகு, மஞ்சள் தோல் கிண்டல்.

இங்கே ஒரு தமிழ்ப் பற்றாளர் குறுக்கிடுவார். எங்கள் ஊரில் நிச்சயம் குறுக்கிடுவார், பாரதிதாசன் பிறந்த மண். "தமிழிசை இயக்கம் நடத்திய இனமய்யா நாம். தெலுங்குக் கீர்த்தனை வேண்டாம் என்று சொல்லித்தானே 1943-ல் சங்கம் கண்டோம்? புரியாத மொழியில் என்ன பாட்டு?"

ஐயா, அந்த இயக்கம் கேட்டது மேடையில் தமிழுக்கு இடம். தமிழ்நாட்டுச் சபாவில் தமிழில் பாடினால் மட்டம் என்று நினைத்தவர்களோடு நடந்த சண்டை அது. யார் காதையும் பொத்தச் சொல்லி நடந்த சண்டை இல்லை. மேடையை ஒருவன் அடைத்துக்கொண்டு அடுத்தவனுக்கு இடம் விட மறுத்தால் எதிர்க்க வேண்டும். என் வீட்டுத் திண்ணையில் மூணு மணிக்கு ஓடுகிற கேசட் யார் மேடையை அடைக்கிறது?

அவர் கையில் இதைவிட நல்ல அம்பு ஒன்று இருக்கிறது, அவர் எடுக்கவில்லை. நானே எடுத்துக் கொடுக்கிறேன். மாண்டரின் என்பதே அங்கே ஓர் இந்தி.

தைவானில் பெரும்பாலான ஜனங்களின் வீட்டு மொழி ஹொக்கியன். தேசியவாதக் கட்சி வந்து மாண்டரினைத் தேசிய மொழியாக்கியது. பள்ளிக்கூடத்தில் வீட்டு மொழி பேசினால் அபராதம், தண்டனை. 1976-ல் ஒலி, ஒளிபரப்புச் சட்டம் போட்டு, டி.வி.யிலும் ரேடியோவிலும் ஹொக்கியன் நிகழ்ச்சிகளைச் சுருக்கினார்கள். அந்தக் கட்டுப்பாடு 1993 வரை இருந்தது. சிங்கப்பூரில் 1979-ல் 'மாண்டரின் பேசுவோம்' இயக்கம் ஆரம்பித்தது. ஹொக்கியனும் காண்டோனீஸும் ஒளிபரப்பிலிருந்து படிப்படியாக மறைந்தன. பாட்டிகளும் பேரன்களும் பேசிக்கொள்ள மொழியில்லாமல் போன வீடுகள் அங்கே நிறைய. மேலே சொன்ன லி ஜின்ஹுய்கூட, தேசிய மொழியைப் பரப்பத்தான் முதலில் குழந்தைப் பாட்டு எழுத ஆரம்பித்தார்.

ஆக, நான் காதலிக்கிற பாட்டு, தின்று கொழுத்த மொழியின் பாட்டு. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். சித்தப்பாவுக்கும் தெரியும், தெரிந்துதான் கிஷோர்குமார் பாடினார். திணிப்பை எதிர்ப்பது வேறு, ஒரு குரலில் மயங்குவது வேறு என்பது அவருக்குச் சொல்லிக்கொடுக்காமலே புரிந்திருந்தது. அந்தத் தலைமுறைக்கு இருந்த தெளிவு நமக்கு ஏன் போய்விட்டது? டெங்கே ஹொக்கியனிலும் காண்டோனீஸிலும் ஜப்பானிய மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் பாடியவர்தான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பாட்டு அப்பாவி என்றும் நான் சொல்லப்போவதில்லை. சீனக் கரைக்கு எதிரே கின்மென் என்று தைவானின் தீவு ஒன்று. அங்கே 1967-ல் ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பி, 48 ஒலிபெருக்கிகளைப் பதித்து, எதிர்க்கரைக்குப் பிரசாரம் செய்தார்கள். அதில் டெங்கின் பாட்டும் போனது, 'இங்கே சுதந்திரம் இருக்கிறது' என்கிற அவருடைய பேச்சும் போனது. குண்டு போட்டு ஓய்ந்த கரையில் காதல் பாட்டு! இத்தனைக்கும் அந்தப் பக்கம் கேட்ட சிப்பாய்க்கு எது பிரசாரம், எது பாட்டு என்று தெரியாமலா இருந்திருக்கும்?

எல்லாம் அமிர்தம் என்றும் சொல்ல மாட்டேன். மாண்டரின் பாட்டில் பாதிக்கு மேல் ஒரே அழுகை. மழை, குடை, ரயில்வே ஸ்டேஷன், பிரிந்துபோன காதலி, பியானோ. ஒரு ஆல்பத்தில் நாலாவது பாட்டு வரும்போது, 'டேய், எவளாவது ஒருத்தி திரும்பி வந்து தொலைங்கடி' என்று தோன்றும். ஆனாலும் 1998-ல் ஃபே வாங் பாடிய 'செம்மொச்சை' மாதிரி ஒன்று நடுவில் வந்துவிடும், மன்னித்துவிடுவேன். ஜே சௌ என்று ஒருவர், 2000-ல் முதல் ஆல்பம் போட்டார், என் வயசுக்காரர். பழைய சீன மெட்டையும் ஹிப்-ஹாப்பையும் கலந்து ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டார். அவர் வாயைத் திறக்காமல் பாடுவார். சீனர்களே வார்த்தை புரியவில்லை என்று திட்டினார்கள். நாம் ரஹ்மானைத் திட்டவில்லையா, அந்த மாதிரி. மொழி தெரியாத எனக்கும் மொழி தெரிந்த அவர்களுக்கும் வித்தியாசமே இல்லாமல் போன ஒரே இடம் அது.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிற தமிழருக்கு இந்தக் கட்டுரையே வேடிக்கையாக இருக்கும். மலேசியாவில் சீனப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். சிங்கப்பூர் சன் யான்ஸியின் பாட்டு அங்கே டாக்ஸியில், கடையில், லிஃப்டில் ஓடுகிறது. அது அவர்களுக்குப் பக்கத்து வீட்டுச் சத்தம். கடல் தாண்டிய தமிழனுக்குப் பழகிய சத்தம், கடலுக்கு இந்தப் பக்கம் மட்டும் கேலிச் சத்தம்.

கேலிதானே, விடுங்களேன் என்பீர்கள். விட்டிருப்பேன். ஆனால் அந்த 'சிங் சாங் சுங்' என் ரிங்டோனோடு நிற்கவில்லை.

2011-ல் 'ஏழாம் அறிவு' வந்தது. காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனாவுக்குப் போன பெருமையைப் பேசிய படம். நோய் பரப்ப வருகிற சீன வில்லனாக நடித்தவர் ஜானி ட்ரி நுயென். அவர் சீனரே இல்லை, வியட்நாமில் பிறந்த அமெரிக்கர். எங்கள் சைகோன் ஆயா பார்த்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். நமக்குத் தெரியாது, அக்கறையும் இல்லை. நமக்குச் சின்னக் கண் என்றால் சீனா, சப்பை மூக்கு என்றால் சீனா.

2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேசத்து மாணவர் நிடோ டானியாவை முடியையும் முகத்தையும் வைத்துக் கேலி செய்தார்கள். அவர் கோபப்பட்டார். அடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார். ஒரு எம்.எல்.ஏ.வின் மகன் அவர், இருபது வயசு. கேலியில்தான் ஆரம்பித்தது.

2020 மார்ச்சில், வடகிழக்கு மாநிலத்தவர்களை 'கொரோனா' என்று கூப்பிட்டுத் துன்புறுத்துகிறார்கள், நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அழகு நிலையத்தில் மணிப்பூர்ப் பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். லாக்டவுனில் கடை மூடி, ஊருக்கும் போக முடியாமல் மாட்டிக்கொண்டவள். பால் வாங்க வரும்போது தெருப் பசங்க அவளைப் பார்த்து என்ன சத்தம் போட்டார்கள் தெரியுமா? என் ரிங்டோன் அடித்தால் என் மச்சான் பையன் போடுகிற அதே சத்தம். ஒரு எழுத்து மாறவில்லை. அவனை நான் அதுவரை ஒரு தடவைகூடக் கண்டித்ததில்லை. சிரித்திருக்கிறேன்.

அதனால்தான் எனக்கு இந்த விஷயத்தில் பெருந்தன்மை கிடையாது. 'உனக்குப் பிடிச்சதை நீ கேளு, எனக்குப் பிடிச்சதை நான் கேக்கறேன்' என்று சமாதானம் பேச நான் தயாராக இல்லை. உங்களுக்கு டெங் பாட்டு பிடிக்காவிட்டால் போகட்டும், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கேட்பதற்கு முன்பே உதட்டைச் சுளித்து 'சிங் சாங்' என்றால், பிரச்னை உங்கள் காதில் இல்லை. காது பாவம், அது கேட்கத் தயாராகத்தான் இருக்கிறது. கண் முந்திக்கொண்டு தீர்ப்பு எழுதிவிட்டது. 'கல்வான்' என்று அந்தத் தீர்ப்புக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். செத்தவர்கள் பெயரை அதற்கு இழுக்காதீர்கள்.

சைகோன் ஆயா 2003-ல் காலமானார். கேசட் என்னிடம் வந்து சேர்ந்தது. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் வாங்கி, பெல்ட் மாற்றி, அதில் போட்டுக் கேட்டேன். நாடா தேய்ந்து, டெங்கின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. அப்படியும் நன்றாகத்தான் இருந்தது.

அந்த மணிப்பூர்ப் பெண் இப்போதும் இங்கேதான் இருக்கிறாள். கடை மாறி, லாஸ்பேட்டையில் வேலை. தமிழ் நன்றாகப் பேசுகிறாள். போன மாதம் என் மனைவி முடி வெட்டிக்கொள்ளப் போனபோது நான் வெளியே நாற்காலியில் காத்திருந்தேன். செல்போன் அடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். உற்சாகமாகிவிட்டேன். யார் பாடியது, எந்த வருஷம், எப்படித் தடை செய்தார்கள் என்று மேலே எழுதியதையெல்லாம் சொல்லி, முழுப் பாட்டையும் கேள் என்று போனைக் கையில் கொடுத்தேன்.

அரை நிமிஷம் கேட்டாள். எனக்கு மறந்தேபோன ஒரு விஷயம்: மணிப்பூரில் 2000-ல் தீவிரவாத அமைப்பு ஒன்று இந்திப் படங்களுக்குத் தடை போட்டதிலிருந்து அங்கே பிள்ளைகள் கொரியப் பாட்டும் கொரிய நாடகமும் பார்த்தே வளர்கிறார்கள்.

"நல்லாருக்கு சார்" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ஆனா ரொம்ப ஸ்லோ. எங்கம்மா கேப்பாங்க இந்த மாதிரி."